வீகன் உணவைக் குறைந்த செலவில் வாங்குவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

பால், முட்டை, இறைச்சி, மீன், தேன் என விலங்குகளிடமிருந்து வரும் எதையும் உண்ணாத வீகன் உணவுமுறையைப் பற்றி இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை சமையலைப் பற்றியல்ல, கடையைப் பற்றியே கேட்கின்றன. எதை எங்கே வாங்குவது, எதை வாங்காமல் விடுவது, பாக்கெட்டின் பின்பக்கத்தை எப்படிப் படிப்பது என்று கேட்டவர்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: வீகன் உணவுக்கு மாறிய முதல் மாதத்திலேயே என் மளிகைச் செலவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிட்டது. சூப்பர்மார்க்கெட்டில் ‘வீகன்’ என்று எழுதியிருக்கும் பொருள்களைத்தான் தேடித் தேடி வாங்குகிறேன். இது வசதி படைத்தவர்களுக்கு மட்டுமே ஆகிவருகிற உணவுமுறையா?

பதில்: செலவு கூடியதற்குக் காரணம் நீங்கள் தேடிய அந்த எழுத்துதான். சூப்பர்மார்க்கெட்டில் விற்கும் வீகன் உணவில் மிகப் பெரும்பகுதி அந்தப் பெயரைச் சுமந்து வருவதில்லை. அரிசி, கோதுமை, ஓட்ஸ், பருப்பு, பயறு, நிலக்கடலை, எள், உருளைக்கிழங்கு, காய், கீரை, பழம், சமையல் எண்ணெய் ஆகியவற்றின் மீது யாரும் முத்திரை குத்துவதில்லை. குத்த வேண்டிய தேவையும் இல்லை. முத்திரையோடு தனி அலமாரியில் நிற்பவை பெரும்பாலும் இறைச்சியைப் போலவும் சீஸைப் போலவும் ஐஸ்கிரீமைப் போலவும் செய்யப்பட்ட மாற்று உணவுகள். அவற்றுக்கு நாம் கொடுக்கும் விலையில் உள்ளே இருக்கும் பட்டாணிக்கோ சோயாவுக்கோ உரிய பங்கு சிறியது; பதப்படுத்துதல், குளிர்பதனம், விளம்பரம், குறைந்த அளவில் தயாரிப்பதால் ஏறும் அடக்கவிலை ஆகியவற்றுக்கே பெரும்பங்கு போகிறது.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 150 நாடுகளின் உணவு விலைகளைக் கொண்டு செய்து, 2021ஆம் ஆண்டில் ‘லான்செட் பிளானெட்டரி ஹெல்த்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, வருமானம் மிகுந்த நாடுகளில் வீகன் உணவு வழக்கமான உணவைவிட மூன்றில் ஒரு பங்கு வரை செலவு குறைவானது என்று கண்டது. இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் பலர் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்: பதப்படுத்திய மாற்று இறைச்சியும் உணவகச் சாப்பாடும் அந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. வருமானம் குறைந்த நாடுகளிலோ, மக்கள் இப்போது உண்பதில் தானியமும் கிழங்குமே பெரும்பகுதியாக இருப்பதால், பயறும் காயும் பழமும் போதிய அளவில் சேர்ந்த நல்ல உணவு எதுவானாலும் இன்றைய செலவைக் கூட்டவே செய்யும் என்றும் அதே ஆய்வு காட்டியது. எனவே ‘வீகன் என்றாலே மலிவு’ என்பதும் சரியில்லை, ‘வீகன் என்றாலே விலை அதிகம்’ என்பதும் சரியில்லை. கூடையில் என்ன விழுகிறது என்பதே கணக்கு.

அடுத்த முறை பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, மாற்று உணவுகளுக்கு எவ்வளவு, பயறு, தானியம், காய்களுக்கு எவ்வளவு என்று தனித்தனியே கூட்டிப் பாருங்கள். பெரும்பாலும் நான்கைந்து பாக்கெட்டுகளே செலவை ஏற்றியிருக்கும். அவற்றுள்ளும் நான் முதலில் கைவிடச் சொல்வது வீகன் சீஸை. கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை தேங்காய் எண்ணெயும் மாவுச்சத்தும் சேர்ந்த கலவை. சீஸ் தரும் புரதத்தை அவை தருவதில்லை. ஆசைக்கு எப்போதாவது வாங்கலாம், அன்றாட உணவாக எண்ணி வாங்க வேண்டாம்.

புரதத்துக்காக வாங்கும் எதையும் ஒரு கணக்கால் சோதிக்கலாம்: பாக்கெட்டின் விலையை, அந்தப் பாக்கெட் முழுவதிலும் உள்ள புரதக் கிராம்களால் வகுத்துப் பாருங்கள். 100 கிராம் உலர்ந்த பருப்பிலும் பயறிலும் 20 முதல் 25 கிராம் புரதம் இருக்கிறது. நிலக்கடலையிலும் ஏறத்தாழ அதே அளவுதான். எண்ணெய் நீக்கிய சோயாவில் செய்த மீல்மேக்கரில் பாதி எடை புரதமே. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு மாற்று இறைச்சி பாக்கெட்டைக் கூடையில் போடக் கை எளிதில் வராது.

டின்னில் வரும் பயறுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. 400 கிராம் டின் என்றால் தண்ணீரை வடித்தபின் உள்ளே இருக்கும் பயறு சுமார் 240 கிராம். ஒரு கிலோ உலர்ந்த கொண்டைக்கடலை ஊறி வெந்தால் இரண்டு முதல் இரண்டரை கிலோ வரை வரும். அதாவது எட்டு டின்னுக்குக் குறையாது. எட்டு டின்னின் விலையையும் ஒரு கிலோ கடலையின் விலையையும் உங்கள் கடையிலேயே ஒப்பிட்டு, வித்தியாசத்தில் எரிபொருள் செலவைக் கழித்துவிட்டு முடிவு செய்யுங்கள். நேரமில்லாத நாளுக்காக இரண்டு டின் வீட்டில் இருப்பதில் தவறில்லை.

கேள்வி: ஒவ்வொரு பாக்கெட்டின் பின்பக்கத்தையும் படித்து முடிப்பதற்குள் ஒரு மணி நேரம் போய்விடுகிறது. பாதிப் பெயர்கள் புரியவும் இல்லை. விரைவாகப் படிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. படிக்கும் வரிசையை மாற்றினால் போதும். பல நாடுகளில் பால், முட்டை, மீன், இறால், நண்டு போன்று ஒவ்வாமை உண்டாக்கும் பொருள்கள் சேர்ந்திருந்தால் அதை லேபிளில் தெளிவாக அறிவிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சில நாடுகளில் உட்பொருள் பட்டியலுக்குள்ளேயே அந்தப் பெயர்கள் தடித்த எழுத்தில் இருக்கும். சில நாடுகளில் பட்டியலின் முடிவில் தனி வரியாக வரும். முதலில் அங்கே பாருங்கள். பாலோ முட்டையோ அங்கே தென்பட்டால் பாக்கெட்டை வைத்துவிடலாம். மேலே உள்ள நீண்ட பட்டியலைப் படிக்க வேண்டிய வேலையே இல்லை. பிஸ்கட், ரொட்டி, சூப் தூள், சிப்ஸ் ஆகியவற்றில் நமக்கு ஆகாதவை பெரும்பாலும் இந்த முதல் பார்வையிலேயே கழிந்துவிடும். கேசின், கேசினேட், வே, பால் திடப்பொருள், லாக்டோஸ் என எந்தப் பெயரில் வந்தாலும் அது பாலிலிருந்து வந்ததுதான்.

அந்தச் சோதனையைத் தாண்டியவற்றில், ஒவ்வாமைப் பட்டியலில் இடம்பெறாத விலங்குப் பொருள்களை மட்டும் தேட வேண்டும். இவை சிலவே: விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின், தேன், விலங்குக் கொழுப்பு, பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன் என்ற சிவப்பு நிறமி (ஈ120; ‘ஈ’ என்று தொடங்குபவை உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான குறியீட்டு எண்கள்), தேன்மெழுகு (ஈ901), மிட்டாய்க்குப் பளபளப்பூட்டும் ஷெல்லாக் எனப்படும் அரக்கு (ஈ904), சில ரொட்டி மாவுகளில் சேரும் எல்-சிஸ்டைன் (ஈ920). கடைசியாகச் சொன்னதைத் தாவர மூலத்திலிருந்தும் நொதித்தல் முறையிலும் இப்போது தயாரிக்கிறார்கள் என்றாலும், முடி, இறகு ஆகியவற்றிலிருந்து எடுப்பதும் தொடர்கிறது.

இடைநிலையில் நிற்பவை சில உண்டு. ஈ471 என்ற கொழுப்புச் சேர்மம், சுவையூட்டியான ஈ631, வைட்டமின் டி3 ஆகியவை தாவரம் போன்ற விலங்கல்லாத மூலத்திலிருந்தும் வரலாம், விலங்கிலிருந்தும் வரலாம். டி3 பெரும்பாலும் ஆட்டுக் கம்பளிக் கொழுப்பிலிருந்தே எடுக்கப்படுகிறது. பாக்கெட்டைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. தயாரிப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் பதில் கிடைக்கும். அதுவரை வாங்குவதா வேண்டாமா என்பது உங்கள் மனத்தின்பாற்பட்டது.

தேவையில்லாமல் பயமுறுத்தும் பெயர்களும் இருக்கின்றன. லாக்டிக் அமிலத்துக்கும் பாலுக்கும் பெயரில் உறவு உண்டே தவிர, உணவில் சேர்க்கும் லாக்டிக் அமிலம் பெரும்பாலும் தாவரச் சர்க்கரையை நொதிக்கவைத்துச் செய்வது. கோகோ பட்டர் கோகோ விதையின் கொழுப்பு. லெசித்தின் பெரும்பாலும் சோயாவிலிருந்தோ சூரியகாந்தியிலிருந்தோ வருகிறது. இதற்கு நேர்மாறாக, நம்பவைத்து ஏமாற்றும் சொற்களும் உண்டு: ‘லாக்டோஸ் இல்லாதது’ என்பது லாக்டோஸைச் சிதைத்த பாலே ஒழியப் பாலில்லாதது ஆகாது, ‘டெய்ரி அல்லாத’ என்ற பெயரோடு வரும் காபி கிரீமர்கள் சிலவற்றில் பால் புரதமான சோடியம் கேசினேட் இருக்கிறது, ‘தாவர அடிப்படையிலான’ என்று முன்பக்கத்தில் எழுதியிருக்கும் உணவில் முட்டை வெள்ளைக்கரு சேர்ந்திருப்பதும் உண்டு. பல நாடுகளில் இந்தச் சொற்களுக்குச் சட்ட வரையறை இல்லை என்பதால் முன்பக்கத்தை நம்பாமல் பின்பக்கத்தையே நம்புங்கள். 1944இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட வீகன் சொசைட்டியின் சூரியகாந்தி முத்திரை போல, வெளி அமைப்பு ஒன்று சரிபார்த்துத் தரும் முத்திரை இருந்தால் இந்த வேலை மிச்சம். ஆனால் முத்திரை இல்லாத காரணத்தால் ஒரு பொருளை ஒதுக்க வேண்டாம். முத்திரைக்குத் தயாரிப்பாளர் கட்டணம் கட்ட வேண்டும், மலிவான பொருள்களைச் செய்கிறவர்கள் பலர் அதைக் கட்டுவதில்லை.

ஒருமுறை படித்துத் தேறிய பொருளைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டின் தோற்றம் மாறினாலோ ‘புதிய செய்முறை’ என்று போட்டிருந்தாலோ மட்டும் மீண்டும் படியுங்கள்.

கேள்வி: உட்பொருள்களில் பால் இல்லை. ஆனால் கீழே ‘பால் கலந்திருக்க வாய்ப்புண்டு’ என்று எழுதியிருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். அதே ஆலையில் அல்லது அதே இயந்திரத்தில் பால் சேர்ந்த பொருளும் தயாராகிறது, எனவே தற்செயலாகத் துளி ஒட்டியிருக்கலாம் என்று ஒவ்வாமை உள்ளவர்களை எச்சரிக்கும் வரி அது. செய்முறையில் பால் சேர்க்கிறார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. வீகன் அமைப்புகளும் இதைத் தடையாகக் கொள்வதில்லை. ஆனால் உங்கள் வீட்டில் யாருக்கேனும் பால் ஒவ்வாமை இருந்தால் கதை வேறு. அப்போது வீகன் முத்திரை இருந்தாலும் அந்த எச்சரிக்கையே மேலானது.

கேள்வி: தாவரப் பால் வகைகளில் எது விலைக்குத் தகுந்தது? பாதாம் பால்தான் சத்து மிகுந்தது என்கிறார்கள்.

பதில்: பாதாம் சத்து மிகுந்தது என்பது உண்மை, ஆனால் கடையில் விற்கும் பாதாம் பாலில் பாதாம் எவ்வளவு என்று பாருங்கள். உட்பொருள்கள் எடையின் இறங்குவரிசையில் எழுதப்படுகின்றன. முதலில் தண்ணீர் இருக்கும்; பாதாமின் பங்கு பல தயாரிப்புகளில் 2 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். 100 மில்லி சோயா பாலில் சுமார் 3 கிராம் புரதம் இருக்கிறது. ஓட்ஸ் பாலில் ஒரு கிராம் அளவுக்கு. பாதாம் பாலிலும் அரிசிப் பாலிலும் அதற்கும் குறைவு. பாலுக்கு மாற்றாகத் தினமும் குடிப்பதற்கென்றால் சோயா பால்தான் என் தேர்வு, பெரும்பாலான கடைகளில் விலையிலும் அது கீழே இருக்கிறது. காபியில் ஊற்ற மட்டும்தான் என்றால் நாவுக்குப் பிடித்ததை வாங்குங்கள். இரண்டு மேசைக்கரண்டியில் புரதக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியது கால்சியமும், தாவர உணவை மட்டும் நம்பிப் பெற முடியாத வைட்டமின் பி12உம் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதை. 100 மில்லிக்கு 120 மில்லிகிராம் கால்சியம் என்றால் பசும்பாலுக்கு நிகர். சேர்த்த கால்சியம் அடியில் படியும் தன்மையது, எனவே ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கிவிட்டு ஊற்றுங்கள். குலுக்காதவர் காசு கொடுத்து வாங்கிய சத்தைக் காலி டப்பாவோடு குப்பையில் போடுகிறார். ‘ஆர்கானிக்’ என்று விலை கூட்டி விற்கும் தாவரப் பால்களில் இந்தச் சத்துகள் பல நேரங்களில் சேர்க்கப்படுவதே இல்லை என்பதையும் கவனியுங்கள். சூப்பர்மார்க்கெட்டின் சொந்தப் பெயரில் வரும் மலிவான டப்பாவில் அவை இருக்கும், அருகில் நிற்கும் விலை உயர்ந்த டப்பாவில் இருக்காது.

வீட்டிலேயே செய்வதும் கடினமல்ல. 100 கிராம் சோயாவை இரவு முழுதும் ஊறவைத்து, அரைத்து, வடிகட்டினால் ஏறத்தாழ ஒரு லிட்டர் கிடைக்கும். வேகாத சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் இருப்பதால் வடித்த பாலைப் பதினைந்து இருபது நிமிடம் கொதிக்கவைத்தே பயன்படுத்த வேண்டும். கடைப் பாலைவிட மிகவும் மலிவு. ஆனால் கால்சியமும் பி12உம் அதில் இருக்காது, அவற்றுக்கு வேறு வழி பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: எங்கள் பகுதியில் ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட்டும் சில சிறிய மளிகைக் கடைகளும் இருக்கின்றன. எதை எங்கே வாங்குவது நல்லது?

பதில்: பொதுவாகச் சொன்னால், உலர்ந்தவை சிறிய கடையில், உறைந்தவை பெரிய கடையில். ஆனால் இதற்கு விலக்குகள் உண்டு.

பருப்பும் பயறும் அன்றாடம் உண்ணும் மக்கள் வாங்கிச்செல்லும் மளிகைக் கடை எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அங்கே பயறு மூட்டைக் கணக்கில் வந்து சீக்கிரம் விற்றுத் தீரும்; விலையும் குறைவாக இருக்கும். சரக்கு புதிதாக இருப்பது விலையளவுக்கு முக்கியம், ஏனென்றால் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் நெடுநாள் கிடந்த பயறு எவ்வளவு ஊறவைத்தாலும் நறுக்கென்றே நிற்கும், வேகவைக்கும் எரிபொருளே அதன் விலையைத் தின்றுவிடும். தோல் சுருங்கி மங்கலாகவோ, பொடியும் ஓட்டையுமாகவோ இருந்தால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். எள், மசாலாப் பொருள்கள், நிலக்கடலை, மீல்மேக்கர் ஆகியவற்றுக்கும் இந்தக் கடைகளே ஏற்றவை. சூப்பர்மார்க்கெட்டின் சிறு சிறு கண்ணாடிப் புட்டிகளில் மசாலா வாங்குவதைப் போன்ற வீண்செலவு வேறில்லை. ஐந்து கிலோ, பத்து கிலோ பையாக வாங்கினால் இன்னும் குறையும். தனியாக இருப்பவர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம். காற்றுப் புகாத டப்பா இல்லாமல் மட்டும் மொத்தமாக வாங்காதீர்கள். வண்டு விழுந்த பயறில் எந்தச் சேமிப்பும் இல்லை.

சிறிய கடையின் குறை, லேபிள் இல்லாமை. சில்லறையாக நிறுத்துத் தரும் முழுப் பயறுக்கு லேபிள் தேவையில்லை. ஆனால் கடையிலேயே செய்த பலகாரம், இனிப்பு, ரொட்டி, வறுத்த தின்பண்டம் ஆகியவற்றுக்குத் தேவை. அப்போது ‘இது வீகனா?’ என்று கேட்டால் பல கடைக்காரர்கள் ‘சைவம்தான்’ என்று பதில் சொல்வார்கள், அதில் பால் அடங்கிவிடும். ‘இதில் பாலோ வெண்ணெயோ சேர்ந்திருக்கிறதா, எந்தக் கொழுப்பில் செய்தது, மேலே முட்டை தடவியிருக்கிறார்களா?’ என்று பொருளைச் சொல்லிக் கேளுங்கள். இரண்டாம் முறை போகும்போது அவர்களே எடுத்துச் சொல்வார்கள்.

பெரிய கடையின் பலம் வேறு. உறைந்த பட்டாணி, பீன்ஸ், கீரை ஆகியவை அறுவடையான சிறிது நேரத்துக்குள் வெந்நீரில் முக்கி உறையவைக்கப்படுவதால், பல நாள் பயணம் செய்து வாடிய காயைவிடச் சத்தில் குறைவில்லாதவை, வீணாவதும் இல்லை. ஓட்ஸ், டின் தக்காளி, டோஃபு எனப்படும் சோயா பனீர், சோயா பால் ஆகியவற்றைக் கடையின் சொந்தப் பெயரில் வாங்குங்கள். டோஃபு, கால்சியம் சல்பேட் சேர்த்துக் கட்டியாக்கியதா என்று பாருங்கள். அப்படியானால் புரதத்தோடு கால்சியமும் கிடைக்கும். காலாவதித் தேதி நெருங்கி விலை குறைத்த டோஃபு கண்ணில் பட்டால் வாங்கி உறைபெட்டியில் போட்டுவிடலாம்; உறைந்து இளகிய டோஃபு பஞ்சுபோலாகி மசாலாவை நன்றாக இழுக்கும்.

அலமாரி விளிம்பில் சிறிய எழுத்தில் ஒரு கிலோவுக்கு அல்லது 100 கிராமுக்கு என்ன விலை என்று போட்டிருப்பதைப் படிக்கும் பழக்கம் இருக்கட்டும். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்பது நாம் நம்ப வேண்டும் என்று கடைக்காரர் விரும்பும் ஒன்று. ‘ஆரோக்கிய உணவு’ என்ற பலகையின் கீழே இருக்கும் அதே கொண்டைக்கடலை, அதே ஓட்ஸ், அதே ஆளிவிதை, மளிகை வரிசையில் வேறு விலையில் கிடைக்கிறதா என்றும் ஒரு நடை நடந்து பார்த்துவிடுங்கள்.

காய்கறிச் சந்தை அருகில் இருந்தால் கடை கட்டும் நேரத்தில் போகலாம். அன்றே சமைக்க முடியும் என்றால் மட்டும்.

கேள்வி: வாடகை அறையில் தங்கிப் படிக்கிறேன். ஒற்றை அடுப்பு, ஒரே பாத்திரம், குளிர்சாதனப் பெட்டி கிடையாது. பயறை ஊறவைத்து மணிக்கணக்கில் வேகவைக்க என்னால் ஆகாது.

பதில்: ஊறவைக்கவே தேவையில்லாதவற்றை வாங்குங்கள். தோல் நீக்கி உடைத்த மைசூர்ப் பருப்பும் பாசிப்பருப்பும் இருபது நிமிடத்தில் குழைந்துவிடும். அரிசியோடு சேர்த்து ஒரே பாத்திரத்தில் வேகவைத்து, இறக்குவதற்கு முன் ஒரு பிடி கீரையைப் போட்டால் முழுச் சாப்பாடு. சோயா குருணையோ மீல்மேக்கரோ கொதிநீரில் பத்து நிமிடம் கிடந்தால் போதும். உலர்ந்த நிலையில் மாதக்கணக்கில் கெடாது. ஓட்ஸும் நிலக்கடலை வெண்ணெயும் அடுப்பில்லாத காலை உணவு. நிலக்கடலை வெண்ணெயில் நிலக்கடலை, உப்பு தவிர வேறு பெயர்கள் நீளமாக இருந்தால் மலிவான அடுத்த புட்டியைப் பாருங்கள். சோயா பாலை ஒருமுறையில் தீரும் சிறிய டப்பாவில் வாங்குங்கள். லிட்டர் கணக்கில் விலை சற்றுக் கூடினாலும், திறந்து வைத்துக் கெட்டுப்போகும் பெரிய டப்பாவைவிட அது மேல். டின் பயறு உங்களைப் போன்றவர்களுக்குத்தான் உண்மையில் பொருந்தும். ஒரு வேளைக்கு ஒரு டின் என்று கணக்காகச் செலவாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. மலிவாகக் கிடைக்கிறதே என்று உலர்ந்த ராஜ்மாவை வாங்கி மெல்லிய சூட்டில் வேகவைக்கும் மின்பாத்திரத்தில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். வேகாத ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற நச்சுப்பொருள் மிதமான சூட்டில் அழிவதில்லை. கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதிய தண்ணீரில் தளதளவென்று 10 நிமிடத்துக்குக் குறையாமல், முடிந்தால் 30 நிமிடம் கொதிக்கவிட்ட பிறகே மற்றச் சமையல். டின்னில் வரும் ராஜ்மா ஏற்கெனவே வெந்தது என்பதால் இந்தக் கவலை இல்லை.

கேள்வி: பி12 மாத்திரைக்குச் செலவு செய்யாமல், ஸ்பைருலினா என்ற நுண்பாசிப் பொடியோ கடற்பாசியோ வாங்கினால் போதுமா?

பதில்: போதாது, அதோடு ஸ்பைருலினா மாத்திரையைவிட விலையும் அதிகம். அதில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடலால் பயன்படுத்த முடியாத போலி பி12. கடற்பாசியையும் நொதிக்கவைத்த சோயா உணவுகளையும் நம்பி இருக்க முடியாது. பி12ஐ உண்டாக்குபவை நுண்ணுயிரிகளே. 1948இல் தனியே பிரித்தெடுக்கப்பட்ட இந்த வைட்டமினை இன்று நுண்ணுயிரிகளைக் கொண்டே ஆலைகளில் தயாரிக்கிறார்கள், எனவே மாத்திரையில் இருப்பது விலங்கிலிருந்து எடுத்ததல்ல. காப்ஸ்யூலின் கூடு ஜெலட்டினா என்று மட்டும் பார்த்து, மாத்திரை வடிவில் வாங்குங்கள்.

வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராம் தேவை என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. ஒரே வேளையில் உடல் நன்றாக உறிஞ்சக்கூடியது மிகக் குறைவு என்பதால் மாத்திரையின் அளவு கூடுதலாக இருக்க வேண்டும்: தினமும் 10 மைக்ரோகிராமோ, வாரத்துக்கு 2000 மைக்ரோகிராமோ எடுத்துக்கொள்ளுமாறு வீகன் சொசைட்டி சொல்கிறது. சயனோகோபாலமின் என்ற சாதாரண வகையே மலிவானது, கெடாமல் நிற்பதும் அதுதான். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு தெரியவரச் சில ஆண்டுகள்கூட ஆகலாம். அதற்குள் நரம்புகள் பாதிக்கப்பட்டால் முழுதாகத் திரும்பும் என்ற உறுதி இல்லை. கூடையில் எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள். கருவுற்றிருப்பவர்களும் ஏற்கெனவே உடல்நலக் குறை உள்ளவர்களும் அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: என் பத்து மாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக ஓட்ஸ் பால் தரலாமா? குழந்தைகளுக்கான பால் மாவு விலை அதிகமாக இருக்கிறது.

பதில்: கூடாது. ஒரு வயது நிறையும்வரை முதன்மைப் பானம் தாய்ப்பாலாகவோ, குழந்தைகளுக்கென்றே தயாரித்த பால் மாவாகவோதான் இருக்க வேண்டும். ஓட்ஸ், பாதாம், சோயா என எந்தத் தாவரப் பாலும் அதற்கு ஈடாகாது. சோயாவில் செய்த குழந்தைப் பால் மாவும் உண்டு, ஆனால் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். ஒரு வயதுக்குப் பிறகு சத்துகள் சேர்த்த, இனிப்பில்லாத சோயா பாலைத் தரத் தொடங்கலாம். அரிசிப் பாலில் ஆர்செனிக் இருக்கக்கூடும் என்பதால் ஐந்து வயதுக்கு முன் அதைப் பானமாகத் தர வேண்டாம் என்று பிரிட்டனின் மருத்துவத் துறை அறிவுறுத்துகிறது. செலவைக் குறைக்க வேண்டிய இடம் குழந்தையின் பால் அல்ல.

கேள்வி: சர்க்கரையை வெளுக்க எலும்புக் கரி பயன்படுத்துகிறார்களாமே? சர்க்கரையும் விலை உயர்ந்ததாகத்தான் வாங்க வேண்டுமா?

பதில்: சில இடங்களில் கரும்புச் சர்க்கரையைச் சுத்திகரிக்க எலும்புக் கரி வடிகட்டிகள் பயன்படுவது உண்மை. பீட்ரூட் வகைக் கிழங்கிலிருந்து எடுக்கும் சர்க்கரைக்கு அது தேவைப்படுவதில்லை. அந்தச் சர்க்கரை கிடைத்தால் கூடுதல் செலவின்றி முடிந்தது. கிடைக்காவிட்டால், பிஸ்கட்டிலும் சாஸிலும் உள்ள சர்க்கரை எந்த ஆலையிலிருந்து வந்தது என்று விசாரித்துக்கொண்டு அலைவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த உழைப்பைப் பயறு ஊறவைப்பதில் செலவிடலாம்.

கேள்வி: கேக் செய்ய ‘முட்டை மாற்று’ என்று ஒரு பாக்கெட் விற்கிறார்கள். வாங்குவதா?

பதில்: அவற்றில் பெரும்பாலானவை மாவுச்சத்தும் உப்பவைக்கும் தூளும்தான். ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் ஒரு முட்டைக்கு மாற்றாகும். நுரை வேண்டிய பண்டமென்றால் கொண்டைக்கடலை வேகவைத்த கெட்டியான தண்ணீரை அடித்துக்கொள்ளுங்கள்; முட்டை வெள்ளைக்கருவைப் போலவே அது நுரைக்கும் என்பதை 2014இல் பிரான்சைச் சேர்ந்த ஜோயல் ரோசெல் கண்டு சொன்னார். ஒரு முட்டைக்கு மூன்று மேசைக்கரண்டி. டின் கடலை வாங்குகிறவர்கள் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுகிறார்கள்.

கேள்வி: நான்கு பேர் உள்ள வீட்டில் நான் மட்டும் வீகன். இரண்டு சமையல், இரண்டு கூடை என்று செலவு இரட்டிப்பாகிறது. வீட்டில் முணுமுணுப்பும் கேட்கிறது.

பதில்: எல்லோரும் உண்ணக்கூடியதை முதலில் வாங்கி, பிரிவதைக் கடைசியில் வாங்குங்கள். தானியம், பருப்பு, காய், எண்ணெய், மசாலா ஆகியவை பொதுக்கூடை. ரொட்டி, உலர்ந்த பாஸ்தா, பிஸ்கட், சாஸ் ஆகியவற்றில் ஒரே விலையில் பால் முட்டை சேர்ந்ததும் சேராததும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். சேராததை வீட்டுக்கே பொதுவாக வாங்கிவிடுங்கள், சுவையில் யாருக்கும் வேறுபாடு தெரியப்போவதில்லை. சமைக்கும்போது வெண்ணெய்க்குப் பதில் எண்ணெயில் தாளித்து, அவரவர் விரும்புவதைத் தட்டில் மேலே சேர்த்துக்கொள்ளும்படி விட்டால் இரண்டாவது பாத்திரம் ஏறாது. தனியாக உங்களுக்கென்று மிஞ்சுவது சோயா பால், டோஃபு, பி12 மாத்திரை ஆகிய மூன்றே. அவற்றுக்கான பில்லைத் தனியாகப் போடச் சொல்லி வாங்கி, மாதக் கடைசியில் வீட்டாரிடம் காட்டுங்கள்.